ஷேன் லார்கின்: கல்லூரி முதல் துருக்கி பாஸ்போர்ட் வரை (இரட்டைக் குடியுரிமை உள்ள கூடைப்பந்து ‘கார்டு’ வீரர்கள் பற்றிய இழை)

கோணல்பாஸ் (இழையைத் தொடங்கியவர்)

2025 செப்டம்பர் 14, ரீகா. யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய நாடுகளின் கூடைப்பந்துப் போட்டி) இறுதியில் ஜெர்மனி 88, துருக்கி 83. அந்தத் தொடரில் துருக்கி தோற்ற ஒரே ஆட்டம் அதுதான். துருக்கியின் சென்டர் (கூடையருகே ஆடும் உயரமானவர்) ஷெங்குன் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதே அணியின் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஷேன் லார்கின் பற்றித் தமிழில் ஒரு வரிகூடக் கண்ணில் படவில்லை. ஆள் அமெரிக்காவின் சின்சினாட்டிக்காரர், பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் பாரி லார்கினின் மகன், உயரம் ஏறத்தாழ 1.80 மீட்டர்.

எனக்கு இரண்டு விஷயம் விளங்க வேண்டும். என்பிஏ-வில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணி அணியாக மாறியும் நிலைக்காத ஒருவர் ஐரோப்பாவில் எப்படி உச்சத்துக்குப் போனார்? அந்தத் துருக்கி பாஸ்போர்ட்டால் உண்மையில் யாருக்கு லாபம்? தெரிந்தவர்கள் வரிசையாகச் சொல்லுங்கள்.

---

ரீபவுண்டு ரமா

கல்லூரியிலிருந்து தொடங்குறேன், ஏன்னா அங்கேயே ஒரு விதிச் சிக்கல் இருக்கு.

முதல்ல அவர் சேர ஒப்புக்கொண்டது டீபால் பல்கலைக்கழகம். அப்புறம் 2011-ல மருத்துவக் காரணம் காட்டி, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்தக் காலத்துல மாறினா ஒரு வருஷம் வெளியே உட்காரணும். அவருக்கு விலக்கு கிடைச்சதால 2011-12 சீசன்லேயே இறங்கிட்டார். ஆடினது மொத்தம் இரண்டே சீசன், பயிற்சியாளர் ஜிம் லாரன்யாகா.

இரண்டாவது சீசன்தான் எல்லாம். ஆட்டத்துக்குச் சராசரி 14.5 புள்ளி, 4.6 அசிஸ்ட் (கூடையில முடியற பாஸ்). 2013 ஜனவரி 23-ல நாட்டுலயே முதலிடத்துல இருந்த டியூக் பல்கலைக்கழகத்தை 90-63-னு மயாமி துவைச்சுப் போட்டது. ஏசிசி (மயாமி ஆடற கல்லூரி லீக்) பட்டம், ஏசிசி டோர்னமெண்ட் ரெண்டும் அந்த வருஷம்தான் மயாமிக்கு முதல்முறை. டோர்னமெண்ட் இறுதியில வட கரோலினாவுக்கு எதிரா லார்கின் 28 புள்ளி. என்சிஏஏ-ல (தேசியக் கல்லூரிப் போட்டி) கடைசி 16 வரைக்கும் போய் மார்க்கெட் பல்கலைக்கழகத்துகிட்ட தோத்து முடிஞ்சது.

ஏசிசி-யின் அந்த வருஷத்துச் சிறந்த வீரர் அவர்தான்.

---

செந்தில் ஆர்கே

@ரமா, ஒரு திருத்தம். அந்த வருடம் அந்த விருது இரண்டாகப் பிரிந்தது. பயிற்சியாளர்கள் வாக்கில் லார்கின், செய்தியாளர்கள் வாக்கில் வர்ஜீனியா டெக்கின் எரிக் கிரீன். லார்கினை மட்டும் சொன்னால் பாதி விவரம்தான்.

---

ரீபவுண்டு ரமா

சரி சார், ஏத்துக்கறேன்.

---

நாற்பதடிக்கோடு

என்பிஏ பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். ‘நிலைக்கவில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால் ஒப்பந்தக் கணக்கு தெரியாமலே போய்விடும்.

2013 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புதுமுகங்களை வரிசையாக எடுப்பது) 18-வது தேர்வு. எடுத்தது அட்லாண்டா, அன்று இரவே டாலஸுக்குக் கைமாறினார். டிராஃப்டுக்கு முந்தைய உடற்சோதனையில் ஓடிவந்து 44 அங்குலம் எம்பியவர். கோடைக்கால லீக் தொடங்கும் நேரத்தில் பயிற்சியில் கணுக்கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. புதுமுக கார்டுக்குக் கோடைக்கால லீக்கும் பயிற்சி முகாமும்தான் பந்து கையில் இருக்கும் இடம். அது போனால் சீசன் நடுவில் வந்து நான்காவது ஐந்தாவது கார்டாக நிற்க வேண்டியதுதான்.

2014 ஜூனில் டைசன் சாண்ட்லர் டாலஸுக்குத் திரும்பிய டிரேடில் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். இங்கேதான் கணக்கு. முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் மட்டுமே உறுதி. மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். மூன்றாவது வருடத்துக்கான முடிவை, இரண்டாவது சீசன் தொடங்கும் வேளையில், அக்டோபர் 31-க்குள் சொல்லியாக வேண்டும். நிக்ஸ் வேண்டாம் என்றது. அப்போது அவர் அந்த ஜெர்சியில் ஒரு சில ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன அணி, பிறகு மனம் மாறினாலும் அந்த மறுத்த தொகைக்கு மேல் அவருக்குக் கொடுக்க முடியாது. அந்தக் கதவு இரண்டு பக்கமும் சாத்திக்கொள்ளும்.

அடுத்து 2015-16 புரூக்ளின் நெட்ஸ், 78 ஆட்டம், சராசரி 7.3. இரண்டாவது வருடம் இருப்பதா போவதா என்பது அவர் கையில் இருந்தது. விட்டுவிட்டு ஸ்பெயினின் பாஸ்கோனியாவுக்குப் போனார்.

---

ஹாஃப்கோர்ட் ஹரி

உயரம் கம்மி, அதான் என்பிஏ-ல முடியல. இதுக்கு எதுக்கு இவ்வளவு நீளம்?

---

கோடும் வளையமும்

ஹரி, உயரம் ஒரு காரணம். ஆனால் அதே உயரத்தோடுதான் ஐரோப்பாவில் ஆடுகிறார், அங்கே மட்டும் எப்படி நடந்தது? மைதானத்தின் அளவையும் விதியையும் பாருங்கள்.

என்பிஏ மூன்று புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர், ஐரோப்பாவில் பின்பற்றும் ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) கோடு 6.75 மீட்டர். வித்தியாசம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நின்று சுடுபவருக்கு இது பெரிதில்லை. டிரிபிளிலிருந்து (பந்தைத் தட்டிக்கொண்டே வந்து) எழும்பிச் சுடுபவருக்கு, அதுவும் 1.80 ஆளுக்கு, ஒரு எட்டு மிச்சம்.

இன்னொன்று விதி. என்பிஏ-வில் யாரையும் காக்காமல் கூடைக்கு அடியில் மூன்று நொடிக்கு மேல் தடுப்பாளர் நிற்கக் கூடாது. ஃபிபா விதியில் அந்தத் தடை இல்லை. அதனால் ஐரோப்பாவில் உயரமான சென்டர்கள் பின்வாங்கிக் கூடையருகே நிற்பார்கள், அதை ‘டிராப்’ என்பார்கள். லார்கினுக்கு ஸ்கிரீன் (தடுப்பாளரின் வழியைச் சக வீரர் மறித்து நிற்பது) வைக்கும்போது அவரைக் காப்பவர் ஸ்கிரீனைச் சுற்றி வருகிறார், சென்டர் பின்னால் நிற்கிறார். நடுவில் ஆளில்லாத ஒரு திட்டு. அங்கே அரை நொடி கிடைத்தால் அவருக்குப் போதும்.

ஆனால் இதற்கு விலையும் உண்டு. கூடையடியில் ஆள் நிற்பதால் உள்ளே புகுந்து லே-அப் (கூடையருகிலிருந்து போடும் ஷாட்) போடுவது என்பிஏ-வைவிடக் கடினம். வெறும் வேகத்தை மட்டும் நம்பி ஐரோப்பா போகும் அமெரிக்க கார்டுகள் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான். ஓடிக்கொண்டே சுடும் மூன்று புள்ளி இல்லாவிட்டால் லார்கினும் அப்படித்தான் போயிருப்பார்.

தடுப்பாட்டம் தனிக் கதை. என்பிஏ-வில் எதிரணி வேண்டுமென்றே ஸ்கிரீன் வைத்து, இரண்டு மீட்டர் ஆளைக் குட்டை கார்டுமேல் மாற்றிவிடும். எல்லா அணியிலும் ஐந்து பேரும் ஒற்றைக்கு ஒற்றை ஆடி முடிக்கக்கூடியவர்கள், ஒளிய இடமில்லை. ஐரோப்பாவில் ஆட்டம் 40 நிமிடம், வேகம் மட்டு, மூலையில் நின்று சுட மட்டுமே தெரிந்த ஒருவர் எதிரணியில் பெரும்பாலும் இருப்பார். அவர் பக்கம் லார்கினை நிறுத்தினால் தீர்ந்தது.

---

ஹாஃப்கோர்ட் ஹரி

சரி, வாபஸ்.

---

செந்தில் ஆர்கே

பாஸ்கோனியாவுக்கும் அவருடைய துருக்கி கிளப் எஃபெஸுக்கும் நடுவே ஒரு வருடத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்பெயினில் நன்றாக ஆடிய கையோடு 2017-ல் பாஸ்டன் செல்டிக்ஸுடன் ஒரு வருட ஒப்பந்தத்தில் என்பிஏ-வுக்கே திரும்பினார். 54 ஆட்டம். 2018 பிளேஆஃபில் பிலடெல்பியா தொடரில் இடது தோளில் காயம்பட்டதோடு சரி. அதன் பிறகு இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸ்.

அந்த எஃபெஸ் எப்படிப்பட்ட அணி தெரியுமா? 2017-18 யூரோலீக்கில் (ஐரோப்பிய கிளப்புகளின் உச்ச லீக்) 7 வெற்றி 23 தோல்வி, 16 அணிகளில் கடைசி. பயிற்சியாளர் எர்கின் அடமான் பொறுப்பில், லார்கினும் செர்பிய கார்டு வாசிலியே மிசிச்சும் வந்து சேர்ந்த அடுத்த ஆண்டே இறுதி ஆட்டம். 2019-ல் ஸ்பெயினின் விட்டோரியாவில் நடந்த அரையிறுதியில் ஃபெனர்பாச்சேவை 92-73 என்று வென்றபோது லார்கின் 30 புள்ளி, பிஐஆர் 43. இறுதியில் 29 புள்ளி அடித்தும் சிஎஸ்கேஏ மாஸ்கோவிடம் 91-83 தோல்வி.

---

நீலவேணி

பிஐஆர் என்றால் என்ன? எல்லோரும் சொல்கிறார்கள், யாரும் விளக்குவதில்லை.

---

கோடும் வளையமும்

ஓர் ஆட்டத்தில் வீரரின் மொத்தப் பங்களிப்பை ஒரே எண்ணாகச் சொல்லும் கணக்கு. கூட்டல் கழித்தல்தான், பெருக்கலே கிடையாது.

கூட்ட வேண்டியவை: புள்ளி, ரீபவுண்டு (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளி ஷாட்டைத் தட்டிவிடுவது), எதிராளியிடம் வாங்கிய ஃபவுல்.
கழிக்க வேண்டியவை: தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்னோவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது), தன் ஷாட்டை எதிராளி பிளாக் செய்தது, தான் செய்த ஃபவுல்.

கற்பனைக் கணக்கு ஒன்று. 20 புள்ளி, 4 ரீபவுண்டு, 6 அசிஸ்ட், 2 ஸ்டீல், 5 ஃபவுல் வாங்கினார்: 37. தவறிய ஷாட் 7, ஃப்ரீ த்ரோ 1, டர்னோவர் 3, செய்த ஃபவுல் 2: 13. பிஐஆர் 24. ஒரு ஆட்டத்தில் 20 தாண்டினாலே பிரமாதம் என்பார்கள். அந்த 43 எந்த உயரத்தில் இருக்கிறது என்று இப்போது புரியும்.

இதில் ஒரு கோணலும் உண்டு. ஃபவுல் வாங்கினால் ஒரு புள்ளி, அதில் வரும் ஃப்ரீ த்ரோவுக்குத் தனியாகப் புள்ளி. பந்தைக் கையில் வைத்து ஆடும் கார்டுக்கு இந்தக் கணக்கு இரண்டு தடவை ஊட்டும். நல்ல தடுப்பாட்டத்துக்கோ ஒன்றுமே தராது. ஆளைத் தேர்வு செய்ய இதை மட்டும் பார்க்கும் கிளப் ஏமாறும்.

---

ரீபவுண்டு ரமா

2019 நவம்பர் 29-ஐ யாருமே சொல்லலையே! பயர்ன் மியூனிக்குக்கு எதிரா 49 புள்ளி. மூன்று புள்ளி ஷாட் 12 எடுத்து 10 உள்ளே. அதுக்கு முன்னாடி நவீன யூரோலீக் சாதனை 41, நாலு பேர் பகிர்ந்து வெச்சிருந்தாங்க. 40 நிமிஷ ஆட்டத்துல 49. 2024 மார்ச்சுலதான் நைஜல் ஹேஸ்-டேவிஸ் 50 அடிச்சுத் தாண்டினார்.

வயித்தெரிச்சல் என்னன்னா அந்த 2019-20 சீசன். எஃபெஸ் 24-4, முதலிடம். லார்கின் சராசரி 22-க்கு மேல. கொரோனாவால மார்ச்சுல நின்னு, மே 25-ல சீசனையே ரத்து பண்ணிட்டாங்க. கோப்பையும் இல்ல, தனிநபர் விருதும் இல்ல. ஆனா யூரோலீக் இறுதியில, 2021-ல கொலோன்ல பார்சிலோனாவை 86-81, 2022-ல பெல்கிரேடுல ரியல் மாட்ரிட்டை 58-57. அடுத்தடுத்து ரெண்டு கோப்பை.

---

கோணல்பாஸ்

இப்போது பாஸ்போர்ட்டுக்கு வாருங்கள். 2018-ல் இஸ்தான்புல் வந்தவர், 2020 தொடக்கத்திலேயே குடிமகன். இவ்வளவு சீக்கிரம் எப்படி?

---

ஏட்டுச்சுரைக்காய்

சட்டப்படி இரண்டு வழி. துருக்கியின் 5901-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. பொது வழியில் போனால் ஐந்து வருடம் தொடர்ந்து தங்கியிருக்க வேண்டும், மொழி தெரிய வேண்டும், வருமானம் காட்ட வேண்டும். 12-வது பிரிவு விதிவிலக்கு வழி. அறிவியல், பொருளாதாரம், கலை, விளையாட்டு போன்ற துறைகளில் நாட்டுக்குச் சிறப்பான பணி செய்தவர், அல்லது செய்வார் என்று கருதப்படுபவர், தங்கிய கால நிபந்தனை இல்லாமலே குடியுரிமை பெறலாம். அமைச்சகம் முன்மொழியும், அதிபர் முடிவு செய்வார். விளையாட்டு வீரர்கள் வருவது இந்த வாசல் வழியே.

அமெரிக்கப் பக்கம் சிக்கலே இல்லை. 1967-ல் அஃப்ரோயிம் வழக்கில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது: குடிமகன் தானாக விட்டால் ஒழிய அரசு பறிக்க முடியாது. விட்டுவிடும் எண்ணம் இல்லாமல் இன்னொரு நாட்டுக் குடியுரிமை பெற்றால் பழையது அப்படியே இருக்கும். வரி மட்டும் விடாது. அமெரிக்கக் குடிமகன் பூமியில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஐரோப்பிய கிளப்புகள் பெரும்பாலும் ‘நிகரத் தொகை’ என்று எழுதி, உள்ளூர் வரியைத் தாங்களே கட்டும். அதைக் கட்டியதற்கான சான்றிதழைக் கிளப்பிடம் வருடாவருடம் கேட்டு வாங்காத வீரர், அமெரிக்காவில் கழிவு கேட்கும்போது திணறுவார். ஒப்பந்தத்தில் அந்தச் சான்றிதழுக்கு ஒரு தேதி எழுதிக்கொள்வது அதனால்தான்.

---

நாற்பதடிக்கோடு

லாபம் யாருக்கு என்றால், முதலில் கிளப்புக்கு. யூரோலீக்கில் நாட்டுக் கணக்கே கிடையாது, பன்னிரண்டு பேரும் வெளிநாட்டவராக இருக்கலாம். உள்நாட்டு லீக்கில்தான் வெளிநாட்டவருக்கு வரம்பு. அந்த எண்ணிக்கை சீசனுக்குச் சீசன் மாறும், ஆனால் வரம்பு இருக்கும். லார்கின் துருக்கியர் ஆன நாளிலிருந்து எஃபெஸுக்கு உள்ளூர் லீக்கில் ஒரு வெளிநாட்டு இடம் காலி. அந்த இடத்தில் இன்னொரு அமெரிக்கரை இறக்கலாம். வீரருக்கும் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கிறது: ‘என்னை விட்டால் எனக்குச் சமமான உள்ளூர்க்காரர் யார்?’

தேசிய அணி இரண்டாவது.

---

ஏட்டுச்சுரைக்காய்

தேசிய அணிக்கு ஃபிபா விதி வேறு. ஃபிபா என்றால் கூடைப்பந்து, கால்பந்தின் ஃபிஃபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 16 வயது முடிந்த பிறகு அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் ஓர் அணியில் ஒரே ஒருவர்தான் இருக்கலாம். துருக்கிக்கு இதுதான் தலைவலி. பாபி டிக்சன் 2015-ல் குடிமகனாகி அலி முஹம்மது ஆனார். அடுத்து ஃபுளோரிடா பல்கலைக்கழக கார்டு ஸ்காட்டி வில்பெகின். அதற்கடுத்து லார்கின். எல்லோரும் பாயிண்ட் கார்டு! நாற்காலி ஒன்றே ஒன்று. 2019 உலகக் கோப்பையில் அதில் வில்பெகின், 2022 யூரோபாஸ்கெட்டிலும் 2025-லும் லார்கின்.

ஒரு நுணுக்கம் உண்டு. இந்த வரம்பு வாழ்நாள் கணக்கு அல்ல, அந்தந்தப் போட்டியின் பன்னிரண்டு பேர் பட்டியலுக்கு மட்டும். தகுதிச்சுற்று ஆட்டங்கள் நவம்பரிலும் பிப்ரவரியிலும் வரும், யூரோலீக் நடுவில் இருக்கும், அந்த வீரர்களுக்குப் பெரும்பாலும் வர முடியாது. அப்போது நாற்காலியில் வேறொருவரை உட்கார வைக்கலாம்.

---

நீலவேணி

அப்படியானால் பிலிப்பைன்ஸுக்கு ஆடிய என்பிஏ கார்டு ஜோர்டன் கிளார்க்சன்? அவருடைய அம்மாவழி பிலிப்பைன்ஸ்தானே, அவர் ஏன் அந்த ஒற்றை நாற்காலியில்?

---

ஏட்டுச்சுரைக்காய்

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஃபிபா பார்ப்பது ரத்தத்தை அல்ல, பாஸ்போர்ட் தேதியை. கிளார்க்சன் அம்மாவழியில் பிறப்பாலேயே பிலிப்பைன்ஸ் குடிமகன், ஆனால் 16 வயதுக்கு முன் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கையில் இல்லை. ஆகவே ஃபிபா கண்ணில் அவர் குடியேறியவருக்குச் சமம். 2023-ல் பிலிப்பைன்ஸ் என்ன செய்தது பாருங்கள்: உலகக் கோப்பைக்குக் கிளார்க்சன் (சீனாவுக்கு எதிராக 34 புள்ளி), அடுத்த மாதமே ஆசிய விளையாட்டுக்கு, அதே ஆண்டு குடியுரிமை பெற்ற ஜஸ்டின் பிரவுன்லி. 1962-க்குப் பிறகு முதல் தங்கம்.

இரண்டு நாட்டுப் பெற்றோர் உள்ள பிள்ளை கூடைப்பந்து ஆடினால், 16-க்கு முன் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து வைப்பதுதான் செய்ய வேண்டிய ஒரே காரியம். விண்ணப்பித்த ரசீது போதாது. இன்னொன்று: 17 வயதுக்குப் பிறகு ஃபிபாவின் முக்கியப் போட்டியில் ஒரு நாட்டுக்கு இறங்கிவிட்டால் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்ததாகவே பொருள். மாற வேண்டுமானால் ஃபிபாவின் தனி அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது.

---

ஹாஃப்கோர்ட் ஹரி

நம்ம இந்தியா ஏன் இப்படி ஒரு கார்டைப் பிடிக்கக் கூடாது?

---

செந்தில் ஆர்கே

ஃபிபா தடுக்கவில்லை, நம் சட்டம் தடுக்கிறது. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கானது) குடியுரிமை அல்ல, இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களே நாட்டுக்கு ஆடலாம் என்று 2008-ல் விளையாட்டு அமைச்சகமும் முடிவெடுத்தது. கால்பந்தில் அராத்தா இசுமி ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்துதான் இந்திய ஜெர்சி போட்டார். அமெரிக்கப் பாஸ்போர்ட்டைத் துறந்து வா என்றால் எந்த கார்டு வருவார்?

---

கோணல்பாஸ்

இதையெல்லாம் படித்த பிறகும் எனக்கு இது வாடகைக்கு ஆள் பிடிப்பது மாதிரித்தான் தெரிகிறது.

---

ரீபவுண்டு ரமா

துருக்கி ரசிகர்களே ‘தெவ்ஷிர்மே’னுதான் சொல்றாங்க. ஒட்டோமான் காலத்துல கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பிடிச்சுக் கொண்டுபோய்ப் படைவீரராக்கின முறையோட பேரு அது. உங்க ‘வாடகை’யைவிடக் காரம்.

ஆனா எல்லாத்தையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. 2022-ல ஜூலைல குடியுரிமை, செப்டம்பர்ல யூரோபாஸ்கெட்ல ஸ்பெயினுக்குத் தங்கம்: அமெரிக்க கார்டு லோரென்சோ பிரவுன். அதுவரைக்கும் அவர் ஸ்பெயின் லீக்குல ஆடினதே இல்ல. அதை வாடகைன்னு சொல்லுங்க, சண்டைக்கு வரமாட்டேன். இன்னொரு அமெரிக்கர் ஜே.ஆர். ஹோல்டன் பல வருஷம் சிஎஸ்கேஏ மாஸ்கோவுல ஆடினவர், 2007 யூரோபாஸ்கெட் மாட்ரிட் இறுதியில கடைசி நொடிகள்ல அவர் போட்ட ஷாட்டுலதான் ரஷ்யா ஸ்பெயினை 60-59-னு ஜெயிச்சது. லார்கின் அந்த ரெண்டாவது வகை. 2018-லேர்ந்து ஒரே கிளப், ஒரே ஊர்.

---

நாற்பதடிக்கோடு

இந்த வழியில் போக நினைக்கும் இளம் கார்டுகள் கவனிக்க: என்பிஏ-விலிருந்து ஐரோப்பா போகும்போது ஃபிபாவின் லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் (கிளப் மாற அனுமதிக் கடிதம்) வரும்வரை ஆட முடியாது. பழைய கிளப்போடு ஒப்பந்தம் முடியாமல் இருந்தால் அது அங்கேயே சிக்கும். சம்பளம் தவறினால் போக வேண்டிய இடம் ஜெனீவாவை இருக்கையாகக் கொண்ட, கூடைப்பந்துக்கான பிஏடி நடுவர் மன்றம், 2007-ல் தொடங்கியது. ஆனால் ஒப்பந்தத்தில் பிஏடி என்று எழுதியிருந்தால்தான் அங்கே வழக்கு நிற்கும். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டவர் அந்த நாட்டு நீதிமன்ற வாசலில் வருடக்கணக்கில் நிற்க வேண்டியதுதான்.

---

ஹாஃப்கோர்ட் ஹரி

கடைசியா ஒண்ணு. 2021, 2022 ரெண்டு ஃபைனல் ஃபோர்லயும் (யூரோலீக்கோட கடைசி நாலு அணிச் சுற்று) சிறந்த வீரர் மிசிச். அப்போ எஃபெஸோட உண்மையான தலைவன் யாரு?

---

கோடும் வளையமும்

மிசிச் 1.96, நிதானமாக ஸ்கிரீனைப் பயன்படுத்தித் தடுப்பாளரை முதுகில் சுமந்து நடப்பவர். லார்கின் வேகம். ஒருவர் ஒரு பக்கம் பிக் அண்ட் ரோல் (சென்டரின் ஸ்கிரீனை வைத்து இருவர் ஆடுவது) ஆடி ஆட்டத்தைச் சாய்த்தால், பந்து மறுபக்கம் போய் இன்னொருவர் அடுத்த பிக் அண்ட் ரோலைத் தொடங்குவார். எஃபெஸின் சென்டர்களில் டன்ஸ்டன் ஸ்கிரீன் வைத்தால் கூடைக்கு ஓடுவார், பிளைஸ் வைத்தால் வெளியே நின்று மூன்று புள்ளி சுடுவார். இந்த நாலு சேர்க்கையில் எதற்கு டிராப், எதற்கு மாற்றுக் காவல் (தடுப்பாளர்கள் ஆளை மாற்றிக்கொள்வது) என்று எதிரணி முடிவெடுப்பதற்குள் ஷாட் போய்விடும். ஒருவரை எடுத்துவிட்டால் மற்றவரும் பாதிதான். 2023-ல் மிசிச் என்பிஏ-வின் ஓக்லஹோமா போனார், அடமான் கிரேக்க கிளப் பனதினைகோஸ் போனார். அதன் பிறகு லார்கின்மேல் இரண்டு பேர் பாய்வதை எந்த எஃபெஸ் ஆட்டத்திலும் பார்க்கலாம்.

2025 துருக்கி அணியில் அவர் வேலையே மாறிவிட்டது. பந்து ஷெங்குன் கையில், ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகே. லார்கின் ஓடிவந்து கைமாற்றாக வாங்குகிறார். அரையிறுதியில் கிரீஸை 94-68 என்று வென்ற ஆட்டத்தை எடுத்து, பந்து அவரிடம் இல்லாத நேரத்தில் மட்டும் அவரைப் பாருங்கள். எஃபெஸ் காணொளிகளில் பழகிய ஆளா இது என்று கேட்பீர்கள்.